கழுத்து வரை ஜிப்

என் தங்கை பூங்கோதையிடம் ஒரு விஷயத்தை முப்பத்தொரு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். அவள் மகள் ஹரிணி கடல் தாண்டி மெயின்லேண்டில் ஏதோ ஒரு மலையில் குளிரில் செத்துப்போனாள் என்று ஊருக்கே தெரியும். குளிர் மட்டும் அவளைக் கொல்லவில்லை, நான் உடுத்திவிட்ட துணியும், அதைக் கழற்றாதே என்று நான் சொன்ன சொல்லும் சேர்ந்துதான் கொன்றன. இது முழுசாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் வேலை முடிந்து மரைன் ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறுவேன். தங்கை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவேன். அவள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவேன். இத்தனைக்கும் வாயடிப்பதில் என்னை ஜெயிக்க எங்கள் ஷாதிபூரில் ஆள் கிடையாது.

பெயர் துரைசாமி. ஜங்லிகாட் பக்கம் ஒரு மீன் கோல்டு ஸ்டோரேஜில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. உள்ளே மைனஸ் பதினெட்டு. சூரையும் வஞ்சிரமும் கல் மாதிரி இறுகி, பெட்டி பெட்டியாகக் கூரை வரை அடுக்கியிருக்கும். எங்கள் தீவில் பிறந்தவனுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. டிசம்பரிலும் ஃபேன் ஓடும், ஜனவரியிலும் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்போம். அதனால் டெல்லிக்கோ காசிக்கோ போகிறவர்கள் டிக்கெட் எடுத்ததும் நேராக என்னிடம் வருவார்கள். என்ன உடுத்துவது, எத்தனை சட்டை போடுவது என்று கேட்பார்கள். பரஃப்வாலா துரை என்றுதான் பஜாரில் எனக்குப் பெயர். பரஃப் என்றால் இந்தியில் ஐஸ். அந்தப் பெயரில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை இப்போது நினைத்தால் என் நாக்கை நானே பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

ஹரிணிக்கு இருபத்து நான்கு வயது. அபர்டீன் பஜாரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்த்தாள். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலுக்கு டிக்கெட், அடியில் கண்ணாடி வைத்த படகு, கடலுக்கடியில் நடக்கிற விளையாட்டு, எல்லாம் அவள்தான் புக் பண்ணிக் கொடுப்பாள். ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, என் மனைவி பானுமதி சுட்ட வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"நாள் முழுக்க மெயின்லேண்ட்காரங்களுக்குக் கடலைக் காட்டிட்டே இருக்கேன் மாமா. எனக்கு யாரு பனியைக் காட்டுறது?"

கல்லூரியில் கூடப் படித்த சுதா என்ற பெண் சென்னையில் வேலையில் இருக்கிறாள், இரண்டு பேருமாக உத்தராகண்ட் பக்கம் ஐந்து நாள் மலை ஏறப் போகிறார்கள், பதினைந்து பேர் கொண்ட கூட்டம், கைடு உண்டு, கூடாரம் உண்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். வீட்டில் அம்மா முடியவே முடியாது என்கிறாளாம். அப்பா வெங்கடேஷ் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் இன்ஜின் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில். வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம்.

"நீங்க சொன்னா அம்மா கேக்கும் மாமா. ப்ளீஸ் மாமா."

நான் போய்ச் சொன்னதும் பூங்கோதை கேட்டாள். "குளிருக்குப் பயந்தா அதுக்கு நான் இருக்கேன். பிள்ளைக்கு என்ன போடணும், எப்படிப் போடணும் எல்லாம் என் பொறுப்பு" என்று மார்தட்டினேன்.

"நீ சொல்றதாலதான் விடுறேண்ணே" என்றாள் தங்கை. "துணிமணி நீயே பாத்துக்க. எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாது."

நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? தாய்மாமன் நான். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். சடங்குக்குப் பட்டுப்பாவாடை எடுத்தது நான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது சுடிதார் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் உடுத்திய நல்ல துணியில் பாதி நான் எடுத்தது என்று சொன்னால் அது மிகை இல்லை. மலைக்குப் போகிற உடுப்பையும் மாமன் நான்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

கூட்டிப்போகிற கம்பெனிக்காரர்கள் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். பஜாரில் ஜூஸ் கடை முன்னால் நின்று போனில் அதைப் படித்தாள்.

"மாமா, உள்ள காட்டன் போடவே கூடாதுன்னு எழுதியிருக்கு. பெரிய எழுத்துல. பாலியஸ்டர் இல்லாட்டி உல்லன்தான் போடணுமாம்."

"பாலியஸ்டரா? அடி லூசு, பாலியஸ்டர் போட்டவன் முதுகை நம்ம ஊர்ல பாத்திருக்கியா? வேர்க்குரு வந்து சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகிக் கிடப்பான்."

"அங்க போய் யாருக்கு மாமா வேர்க்குரு வரும்?"

"மலை ஏறினா வேர்க்குமா வேர்க்காதா?"

"வேர்க்கும்."

"வேர்வையை எது இழுக்கும்? காட்டன்தானே இழுக்கும்? அப்ப உள்ள எதைப் போடணும்? அவன் சாமான் விக்கிறதுக்கு எழுதுறான் கண்ணு. ஆயிரம் எழுதுவான். நான் இருபத்திரண்டு வருஷமா காட்டன் பனியனோட மைனஸ் பதினெட்டுல நிக்கிறேன். செத்தா போயிட்டேன்?"

அவள் சிரித்தாள். பட்டியலை மூடிவிட்டாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளி மூடினாள்.

அன்றைக்குப் பஜார் முழுக்க அலைந்தோம். கடைக்குக் கடை நீச்சல் டவுசரும் காற்றடித்த வாத்தும்தான் தொங்கின. ஸ்வெட்டர் கேட்டதற்கு ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டு, "அரே துரை பாய், ஸ்வெட்டர் யஹான் கௌன் பஹன்தா ஹை?" என்றார். இங்கே யார் அதைப் போடுகிறார்கள் என்று அவர் கேட்டது நியாயம்தான். இன்னொரு கடையில் மேல்தட்டில் கிடந்த ஒரு குரங்குக் குல்லா கிடைத்தது. தடிமனான முழுக்கை காட்டன் பனியன் மூன்று, காட்டன் டிராக் பேண்ட் இரண்டு, காட்டன் சாக்ஸ் ஆறு ஜோடி எடுத்தேன். ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பார்த்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, நயம் துணியாகத்தான் எடுத்தேன். ஜாக்கெட் மட்டும் எங்கள் கோல்டு ஸ்டோரேஜுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வருவதிலேயே அவள் அளவுக்கு ஒன்று சொல்லி வாங்கினேன். கருநீலம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. போட்டால் ஆள் இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரியும்.

அத்தோடு விட்டேனா? பரீட்சை வேறு வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை குறைவான நேரமாகப் பார்த்து, கோல்டு ஸ்டோரேஜுக்கே அவளைக் கூட்டிப்போனேன். கதவுக்கு வெளியே வைத்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டேன். பனியன், அதன் மேல் இன்னொரு பனியன், அதன் மேல் என் பழைய ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட். ஜிப்பைப் பிடித்துக் கழுத்து வரை சர்ரென்று இழுத்து, கழுத்துப் பட்டியையும் ஒட்டினேன்.

"வேகுது மாமா!" என்று கத்தினாள்.

"உள்ள போனா சரியாயிடும். ஒண்ணே ஒண்ணுதான் ரூல். உள்ள இருக்கிற வரைக்கும் ஜிப்புல கை வைக்கக் கூடாது. என்ன ஆனாலும் சரி. திறந்தா நெஞ்சுல குளிர் பூந்துடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சது பரஃப்வாலா!"

உள்ளே பத்து நிமிஷம் நின்றாள். வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துக் குதூகலித்தாள். உறைந்த வஞ்சிரத்தின் தலையைத் தட்டி, டொக் டொக் என்று சத்தம் வருகிறதென்று என்னையும் தட்டிப் பார்க்கச் சொன்னாள். பல் கிட்டவில்லை, உடம்பு நடுங்கவில்லை. "இவ்ளோதானா குளிரு? இதுக்கா அம்மா அந்த ஆட்டம் ஆடுச்சு?" என்றாள். வெளியே வந்து ஜாக்கெட்டைக் கழற்றியபோது முதுகில் பனியன் நனைந்திருந்தது. வெயிலில் ஐந்து நிமிஷம் நின்றதும் காய்ந்துவிட்டது. "பாஸாயிட்டே மருமகளே" என்று அவள் தோளில் தட்டினேன். அந்த ஜாக்கெட்டோடு அவள் எடுத்துக்கொண்ட படத்தைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தாள்.

அந்த ஐந்து நிமிஷ வெயிலைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். கோல்டு ஸ்டோரேஜில் நாங்கள் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிஷம் உள்ளே இருப்போம். வெளியே வந்தால் முப்பது டிகிரி வெயில். வேர்வை எவ்வளவு ஊறினாலும் காய்ந்துவிடும். மலையில் வெளியே வருவதற்குக் கதவு கிடையாது. இதைக் கண்டுபிடிக்க ஒருத்தன் படித்திருக்க வேண்டுமா என்ன? எனக்குத் தோன்றவில்லை. தலைக்கனம் கண்ணை மறைத்திருந்தது.

டிசம்பர் இரண்டாவது வாரம் புறப்பட்டாள். ஏர்போர்ட்டில் பூங்கோதை அழுதாள், நான் கிண்டல் பண்ணினேன். "மாமா சொன்ன மாதிரியே போட்டுக்க" என்று தங்கை கடைசியாகச் சொல்லி அனுப்பினாள்.

நடக்க ஆரம்பித்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஹரிணியிடமிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கைடு ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்கிறார், பனியனையும் மாற்றச் சொல்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாள். நான் லோடு ஏற்றுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எவனோ ஒருத்தன் எனக்குக் குளிரைப் பற்றிப் பாடம் எடுக்கிறானா? பக்கத்தில் இரண்டு பெங்காலி லோடு ஆட்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பதில் பேசி அனுப்பினேன். கழற்றாதே என்று சொன்னேன். கால் மணி கழித்து, சரி என்று அவளிடமிருந்து பதில் வந்தது. ரொம்பத் திருப்தியாக இருந்தது எனக்கு.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்குப் பூங்கோதை வீட்டுக்குச் சுதாவின் போன் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. வெங்கடேஷ் கப்பலில் தெற்குக் கோடியில் இருக்கிற கேம்ப்பெல் பே போயிருந்தான், அவனுக்குத் தகவல் சொல்லவே ஒரு நாள் ஆனது. மூன்று விமானம் மாறிப் பிள்ளையைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். கோடித்துணி தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். போய் எடுத்து வந்தேன். கடைக்காரர் விரித்துக் காட்டியதை என்னால் தொட்டுப் பார்க்க முடியவில்லை. எதையோ ஒன்றைக் கட்டச் சொல்லி வாங்கி வந்தேன். போர்த்த வேண்டிய நேரத்தில் பானுமதி கையில் கொடுத்துவிட்டேன், அவள்தான் போர்த்திவிட்டாள். தாங்கமுடியாத துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சுதாவும் கூட வந்திருந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு என்னைத் தனியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அங்கிள், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆன்ட்டிக்குச் சொல்லலை" என்றாள். "ஏறும்போது அவளுக்கு அப்படி வேர்த்துச்சு. மத்தவங்க எல்லாரும் மேல போட்டதைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டாங்க. கைடு ரெண்டு தடவை வந்து கழட்டச் சொன்னாரு. அவ கேக்கலை. எங்க மாமா சொல்லியிருக்காரு, அவரு மைனஸ் பதினெட்டுல வேலை பாக்குறவருன்னு சொல்லிச் சிரிச்சா."

"அப்புறம்?"

"மேல போனதும் காத்து பிச்சுக்கிட்டு அடிச்சது. முன்னாடி ஒரு ஆளுக்குக் கால் சுளுக்கினதால ஒரு மணி நேரம் அங்கயே நிக்க வேண்டியதாப் போச்சு. அவளுக்கு நடுங்க ஆரம்பிச்சது. அப்புறம் நடுக்கம் நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நான் நினைச்சேன் அங்கிள். பேச்சுக் குழறிச்சு. கைடு ஓடி வந்து ஜாக்கெட்டைத் திறந்து பாத்தா உள்ள எல்லாம் தொப்பலா நனைஞ்சு ஐஸ் மாதிரி இருக்கு. ஈரக் காட்டன்தான் சூட்டை எல்லாம் உறிஞ்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. மாத்திவிட்டோம், கட்டிப்பிடிச்சுக்கிட்டோம், தூக்கிட்டு இறங்கினோம். பாதி வழியில..."

முடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஹரிணியின் போன் அந்தக் குழப்பத்தில் பனியில் எங்கோ விழுந்து தொலைந்துவிட்டதாம். அவள் என்னிடம் கேட்டதும் நான் பதில் சொன்னதும் என் போனில் மட்டும்தான் மிச்சம் என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அழித்துவிடலாம் என்றுகூட ஒரு தடவை விரலை வைத்தேன். அதில் அவள் குரல் இருந்தது. அழிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து தினமும் தங்கை வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் போனதும் அவள், "வாண்ணே, நீ ஒருத்தன் வந்துட்டாத்தான் இந்த வீட்டுல மூச்சே விட முடியுது" என்பாள். அதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? பதினாறாம் நாள் முடிந்தது, வெங்கடேஷ் கப்பலுக்குத் திரும்பிப் போனான், நான் போவதும் டீ குடிப்பதும் வருவதுமாக இருந்தேன்.

முப்பத்தொன்றாம் நாள் மத்தியானம் லீவு போட்டுவிட்டுப் போனேன். பூங்கோதை முன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மலையிலிருந்து வந்த பையை அன்றைக்குத்தான் திறந்திருக்கிறாள். உடுத்தாத ஒரு பனியன் மடிப்புக் கலையாமல் அவள் மடியில் கிடந்தது.

"உக்காருண்ணே" என்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் மச்சான்கிட்டகூடச் சொல்லலை. சொல்லாட்டி என் நெஞ்சு வெடிச்சிடும்."

உட்கார்ந்தேன். நான் சொல்ல வந்தது இவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டதா என்று நினைத்தேன்.

"அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவ எனக்குப் போன் பண்ணாண்ணே. கைடு காட்டன் வேணாங்கிறாரு, கூட வந்த பொண்ணு ஒருத்தி எக்ஸ்ட்ராவா உல்லன் வெச்சிருக்கா, அதை வாங்கிப் போட்டுக்கட்டுமாம்மான்னு கேட்டா. நான் என்ன சொல்லியிருக்கணும்? போட்டுக்கடின்னு சொல்லியிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மாமா ஆசை ஆசையா எடுத்துக் குடுத்தது, மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துன்னு சொன்னேன். மாமா மனசு கஷ்டப்படும்னு சொன்னேண்ணே!" நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "அதோட லைன் போயிடுச்சு. உன்னைக் கேக்க டவர் கிடைக்கலை போல. கேக்காம மாத்தக் கூடாதுன்னு அதையே போட்டுட்டுப் போயிட்டா எம்புள்ள. உன்னைக் கேட்டிருந்தா நீ மாத்திக்கடின்னு சொல்லியிருப்ப. நான்தாண்ணே கொன்னுட்டேன். பெத்தவளே கொன்னுட்டேன்."

மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஒரு நிமிஷம், இது இப்படியே இருந்துவிடட்டும் என்று என் மனசு சொன்னது. ஹரிணியின் போன் கிடையாது. சாட்சி கிடையாது. தங்கையின் தலையைத் தடவி, அழாதே தாயி, விதி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். சாகும் வரை அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பாள். இப்படி ஒரு நாய்ப் புத்தி எனக்குள் இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் மறுபடி நெற்றியில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ கேட்டா பூவு" என்றேன்.

"என்ன?"

"என்னைக் கேட்டா. டவர் கிடைச்சுது. நீ சொன்ன மாதிரியே கேட்டா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்து, தேடி, தரையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன்.

"மாமா!" என்றாள் ஹரிணி. பின்னால் காற்றுச் சத்தமும் யாரோ பாத்திரம் உருட்டுகிற சத்தமும் கேட்டன. "மாமா, இன்னிக்கு ஏறும்போது செம வேர்வை. உள்ள பனியன் பிழியலாம் போல இருக்கு. இங்க கைடு அண்ணா இருக்காருல்ல, அவரு காட்டனை மாத்து, ஏறும்போது ஜாக்கெட்டைக் கழட்டிடு, நின்னதும் போட்டுக்கோங்கிறாரு. நீங்க ஜிப்பைத் திறக்கவே கூடாதுன்னு சொன்னீங்க. நான் என்ன பண்ணட்டும்? சீக்கிரம் சொல்லுங்க மாமா, டவர் இப்ப வருது இப்ப போகுது. அப்புறம் மாமா, பனி பாத்துட்டேன்! கையில அள்ளினேன்! உங்க வஞ்சிரம் பெட்டியைச் சுரண்டின மாதிரியே இருக்கு!"

பூங்கோதை இரண்டு கையாலும் போனை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். மகள் குரலை ஒரு மாதம் கழித்துக் கேட்கிறாள். வாய் திறந்தபடி இருந்தது, அழவில்லை. ஒரு மெசேஜ் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். ஓடியது. கண்றாவி, என் குரல்.

"ஏய் ஹரிணி, யாருடி அவன் கைடு? எத்தனை வருஷமாக் குளிரைப் பாத்திருக்கான்? நான் இருபத்திரண்டு வருஷமா மைனஸ் பதினெட்டுல நிக்கிறவன். எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்காத. ஒரு துணியையும் மாத்தாத. ஜிப்பு கழுத்து வரைக்கும் இருக்கணும். கழட்டினே, மவளே, ஊருக்கு வந்ததும் மாமாகிட்ட உதை வாங்குவ."

முடிவில் என் சிரிப்பும் இருந்தது. அந்தப் பெங்காலிகளைப் பார்த்துச் சிரித்தது.

அடுத்து மறுபடி ஹரிணி. "மாமா, சரி சரி, கோவிச்சுக்காதீங்க. கழட்டலை. நாளைக்கு மேல போயிட்டு போட்டோ அனுப்புறேன். கழுத்து வரைக்கும் ஜிப்பு போட்ட போட்டோ. போதுமா?"

அதோடு நின்றது. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பூங்கோதை என்னைப் பார்க்கவில்லை. என்னைத் திட்டுவாள், அடிப்பாள், அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அவள் மறுபடி முதல் மெசேஜை அழுத்தினாள். "மாமா!" என்றாள் ஹரிணி. முழுசாகக் கேட்டாள். என் குரல் வருவதற்குள் விரலால் நிறுத்தினாள். கடைசி மெசேஜைத் தேடி அதையும் கேட்டாள். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் என் குரலைத் தாண்டிப் போனாள்.

"அவ பேசினது ரெண்டையும் எனக்கு அனுப்பிடுண்ணே" என்றாள். குரலில் கோபமே இல்லை. "நடுவுல இருக்கிறது வேணாம்."

இரண்டையும் அனுப்பினேன். சமையலறையில் கிடந்த அவள் போன் இரண்டு தடவை சத்தம் போட்டது. எழுந்து போய் எடுத்து, வந்துவிட்டதா என்று திறந்து பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"பூவு, நான் வேணும்னே..."

"தெரியும். வேணும்னு பண்ணலை. நான் எங்க இல்லேன்னேன்?" என்றாள். "ஆனா இனிமே வராதண்ணே. உன் குரல் இந்த வீட்டுல கேக்க வேணாம்."

"சரி தாயி" என்றேன். அதைக்கூடச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். பின்னால் கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டன. கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பலில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு படி இறங்கியிருப்பேன், மூடிய கதவுக்குள்ளிருந்து ஹரிணி "மாமா!" என்று கூப்பிட்டாள். அப்படியே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் "மாமா" என்றாள். அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.